நீலக்கோட்டுப் படகும் சிவப்புக்கோட்டுப் படகும்

மே 11, ஞாயிறு

பின்னாளில் ஒருவரும் என்மீது பழி போடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதத் தொடங்குகிறேன். படகு வாங்கும் விஷயத்தில் இந்த வீட்டில் மூளையைப் பாவிக்கிற ஒரே ஆள் நான்தான் என்பது எழுத்தில் இருக்கட்டும்.

இன்று அன்னையர் தினம். மனைவி வதனியைச் சாப்பாட்டுக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனோம். என்ன வேண்டும், சேலையா கைப்பையா என்று மகள் ஆரபி கேட்டாள். வதனி கொத்துரொட்டியைக் கிளறிக்கொண்டே மகளைப் பார்த்துச் சொன்னாள்:

"எனக்கு ஒரு போட் வேணும். அடுத்த சமர், அடுத்த கோடை எண்டு உன்ர அப்பர் எத்தினை வரியமா ஏமாத்திக்கொண்டு வாறார்! வாற ஓகஸ்ட் லோங் வீக்கெண்டுக்கு எங்கட போட் தண்ணியில நிக்க வேணும். இல்லாட்டி இனி எல்லாச் சமரும் நானும் நீயும் சித்தி ஆக்களோட ஏரிக்கரைக்குப் போவம். அவர் வீட்டில இருந்து ரீவி பாக்கட்டும்."

சித்தி ஆக்கள் என்றால் வதனியின் தங்கை சாந்தினியும் அவள் புருஷன் தவராசாவும். ஒவ்வொரு கோடையிலும் சிம்கோ ஏரிக்கரையில் வீடு வாடகைக்கு எடுப்பார்கள். போன வருடம் வதனியும் ஆரபியும் அவர்களோடு போனார்கள். எனக்கு இங்கே ஸ்காபரோவில், வீட்டில், அவசர அலுவல் இருந்தது. என்ன அலுவல் என்பது இப்போது நினைவில்லை. பாணும் சம்பலும் தின்றுகொண்டு கிடந்தேன். மூன்றாம் நாள் பக்கத்து வீட்டு நாயோடு கதைக்கத் தொடங்கினேன். அதற்குத் தமிழ் தெரியாது.

இன்னொரு கோடை அப்படிக் கிடக்க என்னால் ஏலாது. வெளிப்படையாகவே எழுதுகிறேன், அவர்கள் இல்லாத வீடு எனக்கு வீடே இல்லை. ஆகவே படகு வாங்குகிறோம். ஆனால் ஆராய்ந்துதான் வாங்குவோம்.

மே 17, சனி

படகுக் கடைக்குப் போனோம். பொப் என்று ஒரு வெள்ளைக்காரர், நல்ல மனிசன். வதனி கேட்டது 'பொன்ரூன்' என்ற வகை. இரண்டு நீட்டு அலுமினியக் குழாய், அதற்குமேல் ஒரு தளம், சுற்றிவரக் கம்பி வேலி, உள்ளே சோபா, மேலே துணிக்கூரை. வீட்டு விறாந்தையைக் கழற்றித் தண்ணீரில் விட்டதுபோல இருக்கும். குடும்பமாகப் போய்வர இதுதான் தோதாம்.

பொப் இரண்டைக் காட்டினார். ஒரே கொம்பனி, ஒரே வருடம், ஒரே நீளம், ஒரே எஞ்சின். ஒன்றில் நீலக்கோடு, மற்றதில் சிவப்புக்கோடு. இரண்டும் இழுவை வண்டியில், காய்ந்த நிலத்தில் நின்றன. படகு நிற்கவேண்டிய சரியான இடம் அது.

நான் இருபத்திரண்டு வருடம் கார் ஓட்டப் பழக்குகிறவன். முதலில் கேட்க வேண்டியதைக் கேட்டேன்.

"பிறேக் எங்கே?"

பொப் சிரித்தார். படகுக்குப் பிறேக் கிடையாதாம். நிற்க வேண்டுமென்றால் தடியைப் பின்னுக்கு இழுக்க வேண்டுமாம். அது நிற்பது இல்லை ஐயா, பின்னால் போவது என்றேன். அவர் இன்னும் சிரித்தார். சரி, என் பக்கத்துக்காவது ஒரு பிறேக் பூட்டித் தரலாமா என்று கேட்டேன். என் காரில் இருக்கிறது. மாணவன் மரத்தை நோக்கிப் போனால் நான் மிதிப்பேன்.

வதனி அதற்குள் நீலத்தில் ஏறி, சிவப்பில் ஏறி, இரண்டிலும் எல்லா இருக்கையிலும் குந்தி எழும்பிவிட்டாள். அனலைதீவுக்காரி. பள்ளிக்கூடத்துக்கே கடலில் லோஞ்சுப் படகில் போனவள். எங்கள் உரும்பிராயில் தண்ணீர் என்றால் கிணறு. அது மரியாதையாக ஓரிடத்தில் நிற்கும்.

"எனக்கு எது எண்டாலும் சரியப்பா. ஒண்டைச் சொல்லுங்கோ, எடுப்பம்" என்றாள்.

இப்படி அவசரப்படுகிறவர்களை நான் லைசென்ஸ் ரெஸ்றுக்கே அனுப்புவதில்லை. யோசிக்க வேண்டும் என்று பொப்பிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

மே 18, ஞாயிறு

நீலத்தில் கோப்பை வைக்கிற ஓட்டை ஒன்று கூட. இது சின்ன விஷயம் இல்லை. ஆரபி பிளேன்ரீ குடிக்கிறவள்.

மே 31, சனி

அளவுநாடாவோடு திரும்பவும் கடைக்குப் போனேன். நீலம் முக்கால் அங்குலம் கட்டை. பொப் நாடாவை வாங்கித் தான் அளந்தார். இரண்டும் ஒன்று என்றார். நான் திரும்ப அளந்தேன். இப்போது சிவப்பு கட்டை. இதில் ஏதோ இருக்கிறது.

"ஏறிப் பாருங்கோவன்" என்றாள் வதனி.

ஏறினேன். இழுவை வண்டியில் நின்றாலும் படகு கொஞ்சம் ஆடத்தான் செய்கிறது. காற்று பலமாக இருந்ததால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். காற்றே இல்லை என்று வதனி சொல்கிறாள். அவள் கீழே நின்றவள், அவளுக்கு எப்படித் தெரியும்?

ஜூன் 8, ஞாயிறு

எஞ்சின் படகு ஓட்டுவதற்கு ஒரு அட்டை எடுக்க வேண்டுமாம். கணினியில் பரீட்சை. வீட்டில் மூன்று பேரும் எழுதினோம். ஆரபி பாஸ். வதனி ஒரு பிழை கூட விடாமல் பாஸ். நான் எழுதிக்கொண்டிருக்கும்போது இன்ரநெற் பழுதாகிவிட்டது.

ஜூன் 10, செவ்வாய்

இன்றும் இன்ரநெற் பழுது.

ஜூன் 12, வியாழன்

கேள்வி போடுகிறவனுக்கு மூளை இல்லை. ஏரியில் சிவப்பு மிதவை நிற்கிறது, என்ன செய்வீர் என்று கேட்கிறான். சிவப்பைக் கண்டால் நிற்க வேண்டும். இதை நான் ஆயிரம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். பச்சை என்றால் போகலாம். மஞ்சள் என்றால் கவனம். மூன்றும் பிழையாம்! படகை எந்தப் பக்கத்தால் விடுவது என்பதுதான் கணக்காம். சிவப்பைக் கண்டு நிற்காமல் பக்கத்தால் போ என்கிறது ஒரு அரசாங்கம்.

பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த ஆரபி, "அப்பா, இன்ரநெற் நல்லா வேலை செய்யுதே" என்றாள்.

பெண்களுக்கு ஒரு சந்தர்ப்பம் கொடுக்க வேண்டும் என்பது என் கொள்கை. படகை வதனியே ஓட்டட்டும் என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டேன். தாயும் மகளும் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தார்கள்.

ஜூன் 15, ஞாயிறு

தந்தையர் தினம். ஆரபி எனக்கு ஒரு லைஃப் ஜக்கெற் வாங்கித் தந்தாள். நல்ல செம்மஞ்சள். அளவு சரியா என்று போட்டுப் பார்த்தேன். அப்படியே சோபாவில் நித்திரையாகிவிட்டேன். இந்த வருடத்தில் இவ்வளவு நிம்மதியான நித்திரை வரவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

பொப் இரண்டு படகையும் தண்ணீரில் விட்டுக் காட்டினார். நான் கரையில் நின்றேன். காரை ஒரு சரிவில் நிறுத்தியிருந்தேன், யாராவது அதைக் கவனிக்க வேண்டும் அல்லவா?

வதனி நீலத்தில் ஒரு சுற்று, சிவப்பில் ஒரு சுற்று. ஸ்ரியறிங்கில் அவள்தான். தூரத்தில் பார்க்க யாரோ போல இருந்தாள். திரும்பி வந்து இறங்கும்போது கொண்டை குலைந்து, மூக்குக்கண்ணாடி எல்லாம் தண்ணீர். சிரிப்பென்றால் அப்படி ஒரு சிரிப்பு. கட்டின நாளில் இருந்து அந்தச் சிரிப்பை நான் இரண்டு மூன்று தரம்தான் கண்டிருப்பேன்.

எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. அவளை நான் சிரிக்க வைக்கவில்லை, பொப்பின் படகு சிரிக்க வைத்தது.

"எது நல்லா ஓடுது?" என்று கேட்டேன்.

"ரெண்டும் ஒரு மாதிரித்தான் ஓடுது."

"அப்ப எதை வைச்சு முடிவெடுக்கிறது?"

"அதைத்தானேயப்பா நீங்கள் ஒரு மாதமா ஆராயுறியள்" என்றாள்.

நியாயமான பேச்சுத்தான். ஆனால் இரண்டு படகும் ஒரே மாதிரி இருந்தால் அது என் குற்றமா?

ஜூன் 28, சனி

இன்று ஒரு புது மாணவி. சிவப்பு விளக்கைக் கண்டதும் வடிவாக நிறுத்தினாள். கண் கலங்கிவிட்டது.

ஜூலை 6, ஞாயிறு

வதனி பஞ்சாங்கம் புரட்டினால் சிரிக்கிறவன் நான். ஆனால் படிக்கப் படிக்கத்தான் அதில் உள்ள விஞ்ஞானம் விளங்குகிறது. இன்று தேநீர் குடிக்கும்போது அவளுக்கு எடுத்துச் சொன்னேன்.

"ஆடி பிறக்கப்போகுது. ஆடியில வாகனம் எடுக்கிறேல்லை எண்டு உமக்குத் தெரியாதே?"

"ஆடிக்கு இன்னும் பத்துப் பன்ரெண்டு நாள் கிடக்கு. நாளைக்கே எடுப்பம்."

"நாளைக்கு எனக்குச் சந்திராட்டமம்."

"அப்ப புதன்கிழமை."

"அட்டமி."

"அட்டமி எப்ப எண்டு பாத்தனீங்களோ?"

"எல்லாம் பாத்தாச்சு. நவமி, கரிநாள், எல்லாம் வரிசையா வருது. நான் என்னப்பா செய்ய, கிரகங்கள் அப்பிடி நிக்குது."

வதனி பஞ்சாங்கத்தை வாங்கி அட்டையைப் பார்த்தாள். அது போன வருடத்துப் பஞ்சாங்கம். அதை மூடி என் மடியில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். கிரகங்கள் ஒரு வருடத்தில் என்ன பெரிதாக மாறிவிடப் போகின்றன?

ஜூலை 17, வியாழன்

ஆடிப்பிறப்பு. வதனி கூழ் காய்ச்சி, கொழுக்கட்டை அவித்தாள். தவராசாவும் சாந்தினியும் வந்தார்கள். தவராசா கூழை உறிஞ்சிக்கொண்டு எனக்கு அறிவுரை சொன்னான்.

"அண்ணை, ரெண்டும் ஒண்டுதானே. கண்ணை மூடிக்கொண்டு ஒண்டைத் தொடுங்கோ, அலுவல் முடிஞ்சுது."

"நீர் இப்பிடித்தான் உம்மட வான் வண்டியை வாங்கினனீர்" என்றேன். அந்த வான் மழைக்கு நனைந்தால் கிளம்பாது. அவன் இன்னொரு கொழுக்கட்டையை எடுத்துக்கொண்டான்.

ஆனால் சாந்தினி விடவில்லை. "அக்கா, உனக்கும் பிள்ளைக்கும் ஏரியைப் பாத்த அறைதான் எடுத்து வைச்சிருக்கிறன். வாற வரியத்துக்கும் சேத்துச் சொல்லட்டோ?" என்று கேட்டாள்.

வதனி என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் நான் சமாளித்திருப்பேன். களைத்துப்போய்ப் பார்த்தாள். நான் கூழ்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன்.

"ரெண்டு நாளில சொல்லுறன்" என்றாள் வதனி.

ஜூலை 18, வெள்ளி

நீலம். முடிவு. கோப்பை ஓட்டை ஒன்று கூட.

ஜூலை 19, சனி

சிவப்பு. தூரத்தில் வந்தாலும் மற்றவனுக்குத் தெரியும்.

ஜூலை 20, ஞாயிறு

தூரத்தில் தெரிந்தால் என்ன, அவனுக்கும் பிறேக் இல்லை. நீலம்.

ஜூலை 21, திங்கள்

காலையில் நாலு பேருக்கு வகுப்பு. நாலு பேரிலும் கத்தினேன். ஒரு பெடியன் காரை ஓரம் கட்டிவிட்டு, "அங்கிள், உங்களுக்கு ஏதும் பிரச்சினையோ?" என்று கேட்டான். எனக்கு என்ன பிரச்சினை? நீலமா சிவப்பா என்பதைத் தவிர ஒன்றும் இல்லை என்றேன். அவன் தலையை ஆட்டிவிட்டு வழக்கத்திலும் பார்க்க மெதுவாக ஓட்டினான்.

வீட்டுக்கு வந்தால் வதனி சோபாவில் காலை நீட்டிக்கொண்டு கூலாக இருந்தாள்.

"பொப்புக்குப் போன் எடுத்துச் சொல்லிப்போட்டன். சிவப்பு."

"என்னது?"

"சிவப்புக்கோடு போட்டதை எடுத்தாச்சு. சனிக்கிழமை, ரெண்டாந்திகதி ஏரிக்குக் கொண்டு வருவினம். நாங்கள் நேர அங்க போறம்."

இரண்டரை மாதம் ஆராய்ந்தவன் நான்! நீலம் என்று நேற்றே தீர்மானித்தவன் நான்! என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏன் சிவப்பு என்று கேட்டேன். "எனக்குப் பிடிச்சிருக்கு" என்றாள். அது ஒரு காரணமா? ஆடியில், கிரகம் பார்க்காமல், அளவுநாடா பிடிக்காமல் எடுத்த படகு எங்கே போய் முடியுமோ?

ஜூலை 22, செவ்வாய்

நான் கோபம். யாரோடும் கதைக்கவில்லை.

ஜூலை 24, வியாழன்

இன்னும் கோபம்தான். ஒருவரும் கவனித்ததாகத் தெரியவில்லை. மத்தியானம் கோழிக்கறி. கோபத்தைக் கறியில் காட்டுவதில் பிரயோசனம் இல்லை.

ஜூலை 30, புதன்

வதனி பயணப்பெட்டி அடுக்குகிறாள். என் உடுப்பையும் வைக்கிறாள். சனிக்கிழமை எனக்கு முதுகு பிடிக்கப்போகிறது என்று நினைக்கிறேன்.

ஓகஸ்ட் 2, சனி

இதை ஏரிக்கரை வீட்டில் இருந்து எழுதுகிறேன். நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

காலையில் படகு வந்து சேர்ந்தது. சாந்தினி தேசிக்காயும் தேங்காயும் கொண்டுவந்திருந்தாள். வாகனம் என்றால் சக்கரச் சில்லுக்குக் கீழே தேசிக்காய் வைத்து நசிக்க வேண்டும். படகுக்குச் சில்லு எங்கே? பெரிய வாக்குவாதம். இழுவை வண்டியின் சில்லுக்குக் கீழே வை என்றான் தவராசா. அது வண்டிக்குச் செய்கிற சடங்கு, படகுக்குச் சேராது என்றேன் நான். அந்தச் சில்லில்தானே படகு இருக்கிறது என்றான். கடைசியில் அப்படியே வைத்தார்கள். வண்டி பின்னால் போக நாலு தேசிக்காயும் நசிந்தது. கொண்டுவந்த வெள்ளைக்காரப் பெடியன் தன் வண்டியில் ஏதோ உடைந்துவிட்டது என்று குதித்து இறங்கிக் கீழே படுத்துப் பார்த்தான். ஆரபி அவனுக்கு விளக்கம் சொல்லி முடிக்க அரை மணித்தியாலம்.

பிறகு படகு தண்ணீரில் இறங்கியது. எல்லோரும் ஏறினார்கள். நான் பலகைத் துறையில், செம்மஞ்சள் ஜக்கெற்றுடன் நின்றேன்.

"வாங்கோ அண்ணை" என்றான் தவராசா.

"நீங்கள் ஒரு சுற்றுப் போட்டு வாங்கோ. ரெண்டு கார் நிக்குது. நான் பாத்துக்கொள்ளுறன்."

ஒருவரும் சிரிக்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. ஆரபி முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள். இன்றைக்கு நான் கரையில் நின்றால் இனி எல்லாக் கோடைக்கும் கரையில்தான் என்று எனக்கு அப்போது நன்றாக விளங்கியது. ஆனாலும் கால் எழும்பவில்லை. உண்மையாகவே எழும்பவில்லை. பலகைக்கும் படகுக்கும் இடையில் ஒரு சாண் தண்ணீர்தான். அது கறுப்பாக அசைந்துகொண்டிருந்தது.

வதனி எஞ்சினை நிறுத்தினாள். "சாந்தினி, ஐஸ்பெட்டியை விட்டிட்டு வந்திட்டம். எல்லாரும் போய்த் தூக்கிக்கொண்டு வாங்கோ" என்றாள். ஐஸ்பெட்டிக்கு மூன்று பேர் எதற்கு என்று தவராசா கேட்டான். சாந்தினி அவனுடைய கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

நாங்கள் இரண்டு பேர் மட்டும். வதனி படகிலிருந்து இறங்காமலே சொன்னாள்.

"ஏன் சிவப்பை எடுத்தனான் எண்டு கேட்டீங்கள். இஞ்ச பாருங்கோ."

பார்த்தேன். ஓட்டுகிறவரின் இருக்கைக்குப் பின்னால், படகின் சரிநடுவில், ஒரு ஒற்றைக் கதிரை.

"நீலத்தில எல்லா இருக்கையும் ஓரத்தில, கம்பியோட. இதில ஒண்டு நடுவில கிடக்கு. நான் இருந்து பாத்தனான். அதில இருந்தா தண்ணி தெரியாது. ஓட்டேக்க என்ர முதுகுதான் தெரியும்."

இரண்டரை மாதம். அளவுநாடா பிடித்தேன், கோப்பை ஓட்டை எண்ணினேன். அந்தக் கதிரையை நான் காணவே இல்லை.

"எனக்கு என்ன பயமே?" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

"கலியாணம் முடிஞ்ச கிழமை நயினாதீவுக் கோயிலுக்குப் போனம். நீங்கள் லோஞ்சில கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு ஒரே தேவாரத்தைத் திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டு வந்தீங்கள். மாப்பிள்ளை நல்ல பக்திமான் எண்டு ஊர்ச்சனம் எல்லாம் சொல்லிச்சுது. என்ர கையை நீங்கள் பிடிச்ச பிடியில வளையல் உடைஞ்சது. எனக்குத் தெரியாதே?"

"அப்ப ஏனப்பா இவ்வளவு காலமும் சொல்லேல்லை?"

"நீங்கள் சொல்லுவியள் எண்டு பாத்துக்கொண்டு இருந்தன்" என்றாள்.

கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெட்கத்தில் வந்ததோ, வேறு எதில் வந்ததோ தெரியாது. அவள் கையை நீட்டினாள். நான் பிடித்துக்கொண்டேன். காலை எடுத்து வைத்ததும் படகு ஆடியது. ஐயோ என்று ஊர் கேட்கக் கத்தினேன். அக்கம்பக்கத்துப் படகுக்காரர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

கதிரையில் இருந்தேன். மற்றவர்கள் ஐஸ்பெட்டியோடு வந்து ஏறினார்கள். என்னைக் கண்டதும் ஆரபி என் காலடியில் தளத்தில் குந்திக்கொண்டு, என் முழங்காலில் சாய்ந்தாள். சின்னப்பிள்ளையில் இருந்தமாதிரி. தவராசா ஏதோ பகிடி விட வாயெடுத்தான். சாந்தினி அவனுடைய வாய்க்குள் ஒரு வடையை வைத்தாள்.

படகு போனது. வதனி சொன்னது சரி. தண்ணீர் தெரியவில்லை. பூப்போட்ட சட்டையும், அவளுடைய நரைத்த பின்னலும்தான் தெரிந்தன. சிவப்பு மிதவை ஒன்று வந்தது. "நிப்பாட்டும்!" என்றேன். அவள் நிற்காமல் பக்கத்தால் எடுத்துக்கொண்டு போனாள். ஒன்றும் நடக்கவில்லை.

நடு ஏரியில் எஞ்சினை அணைத்துவிட்டு எல்லோரும் சோறு சாப்பிட்டோம். நான் கதிரையை விட்டு எழும்பவில்லை. வதனி குழைத்து உருண்டை பிடித்து என் கையில் தந்தாள். கை நடுங்குது என்று அவளிடம் சொன்னேன். "ஓம், காணுறன். சாப்பிடுங்கோ" என்றாள்.

இப்போது பின்னேரம். தாயும் மகளும் துறையில் காலைத் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டு இருக்கிறார்கள். நான் பத்தடி தள்ளிக் கதிரை போட்டிருக்கிறேன். நாளைக்குக் காலையும் போகிறோமாம். நானும் வருவேன் என்று சொல்லிவிட்டேன். எனக்குத் தண்ணீர் என்றால் சரியான பயம்.